பாதாம் அறுவடைப் புழுதியும் வீட்டு ஏசி டக்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஃபிரெஸ்னோ, குளோவிஸ், மதேரா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். வீடெல்லாம் புழுதி, ஏசி டக்ட்டைச் சுத்தம் பண்ணலாமா, யாரைக் கூப்பிடலாம், எவ்வளவு கேட்பார்கள்? வீட்டு ஏசி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் சமாச்சாரம் எனக்குப் பழக்கம் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

டக்ட்ன்னா என்னங்க? ஊர்ல ஏசி போட்டிருந்தோம், இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே.

ஊரில் நாம் பார்த்தது ஸ்பிளிட் ஏசி. அறைக்கு ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். அந்த அறைக் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அங்கேயே விடும். இங்கே வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம். நடைவழிச் சுவரிலோ கூரையிலோ பெரிய கம்பித்தட்டி ஒன்று இருக்குமே, அதுதான் ரிட்டர்ன். வீட்டுக் காற்று அதன் வழியாகப் போய், ஃபில்டரைத் தாண்டி, காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரையும் குளிரூட்டும் காயிலையும் கடந்து, குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் பிரியும். அறைக்குள் காற்று வந்து விழும் திறப்புதான் வென்ட்.

அந்தக் குழாய்களைத்தான் டக்ட் என்கிறோம். இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அவை அட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஓடுகின்றன. பழைய வீடுகளில் தகரக் குழாய்கள் இருக்கும். பின்னால் கட்டியவற்றில் ஃபிளெக்ஸ் டக்ட்தான் அதிகம்: கம்பிச் சுருளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு அது வேண்டும்.

தினமும் துடைக்கிறேன், மறுநாளே டைனிங் டேபிள்ல விரலால கோலம் போடலாம். இதெல்லாம் டக்ட்டுக்குள்ள இருந்துதானே வருது?

பெரும்பாலும் இல்லை. வெளியேயிருந்து வருகிறது. உலகத்தின் பாதாமில் சுமார் 80 சதவீதம் கலிபோர்னியாவில்தான் விளைகிறது, அது முழுக்க இந்த நடுப் பள்ளத்தாக்குப் பகுதியில். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடை. ஒரு இயந்திரம் மரத்தின் அடியைக் கவ்விப் பிடித்துச் சில நொடிகள் உலுக்கும், காய்கள் கொட்டும். அவை மண்ணிலேயே ஒரு வாரம் பத்து நாள் காயும். பிறகு இன்னொரு இயந்திரம் அவற்றை வரிசையாகப் பெருக்கித் தள்ளும். மூன்றாவது இயந்திரம் வரிசையை அள்ளி, இலையையும் மண்ணையும் ஊதிப் பிரித்து வெளியே தள்ளிவிட்டுக் காயை மட்டும் எடுத்துக்கொள்ளும். சாலையில் போகும்போது தோப்புக்கு மேல் பழுப்பு மேகம் எழும்புவது அந்த மூன்றாவது இயந்திரத்தால்தான். பிஸ்தாவில் இந்தத் தொல்லை குறைவு, உலுக்கும்போதே தட்டில் பிடித்துவிடுவார்கள். பாதாம் மண்ணில் விழுகிறது, அதுதான் வித்தியாசம்.

கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், தெற்கே டெஹாச்சப்பி. மூன்று பக்கமும் மலை என்பதால் எழுந்த புழுதி சீக்கிரம் கலையாது. அது கதவிடுக்கு, ஜன்னல் ஓரம், செருப்பு, நாய்க்கால் என்று எல்லா வழியிலும் உள்ளே வரும். குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது வெளியேற்றிய காற்றுக்கு ஈடாக இடுக்குகள் வழியே வெளிக்காற்று நுழையும், புழுதியும் கூடவே வரும். டக்ட்டின் உள்சுவரில் படிந்த தூசி பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கிடக்கும். டக்ட்டுக்கும் தூசிக்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அது கசிவு சம்பந்தப்பட்டது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை டக்ட் கிளீன் பண்ணணும்? மூணா, அஞ்சா?

கணக்கு எதுவும் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், அதாவது ஈ.பி.ஏ., 1997-லேயே வீட்டுக்காரர்களுக்கு என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அவ்வப்போது வழக்கமாகச் செய்துகொள்ள வேண்டிய வேலையாக டக்ட் சுத்தத்தை அது சொல்லவில்லை, தேவை வந்தால் செய்யுங்கள் என்கிறது. டக்ட்டைச் சுத்தம் செய்வது நோய்களைத் தடுக்கும் என்று நிரூபணமானதில்லை என்றும் அதில் இருக்கிறது. விவசாயப் பகுதி என்பதால் வருடாவருடம் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அவர்களுடைய வியாபாரக் கணக்கு.

அப்ப எப்பதான் பண்ணணும்?

அதே வழிகாட்டி சொல்லும் மூன்று நிலைமைகள் போதும். தகர டக்ட்டின் உள்ளேயோ இயந்திரத்தின் மற்ற பாகங்களிலோ பூஞ்சை கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்திருப்பது. எலியோ பூச்சியோ குடியேறியிருப்பது. தூசியும் குப்பையும் அடைத்துக்கொண்டு, ஏசி ஓடும்போது வென்ட்டிலிருந்து துகள் வெளியே கொட்டுவது.

நீங்களே பார்க்கலாம். ஏசியை நிறுத்திவிட்டு ஒரு வென்ட்டின் திருகுகளைக் கழற்றி மூடியை எடுங்கள். போனின் டார்ச்சை எரியவிட்டு, கையை உள்ளே நீட்டி ஒரு வீடியோ எடுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் அது இயல்பு, எந்த வீட்டிலும் இருக்கும். கட்டியாகப் பஞ்சுபோல் திரண்டிருந்தால், எலிப்புழுக்கை கிடந்தால், ஜிப்சம் துண்டும் மரத்தூளும் கிடந்தால் ஆளைக் கூப்பிடலாம். இரண்டு மூன்று வென்ட்டிலும் ரிட்டர்னிலும் இப்படிப் பார்த்துவிட்டால் நிலவரம் தெரிந்துவிடும். வீடியோவை வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது உதவும்.

வென்ட்டைச் சுத்தி சீலிங்ல கருப்பா படிஞ்சிருக்கு. பூஞ்சையா?

இரண்டு காரணம் இருக்கலாம். வென்ட் உட்காரும் தகரப் பெட்டிக்கும் சீலிங் பலகைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதன் வழியாக அட்டிக் காற்று கசிந்து, தூசியை அந்த ஓரத்தில் வடிகட்டிவிட்டுப் போகும். அப்போது கறை உலர்ந்து, கோடு கோடாக, இடைவெளி இருக்கும் பக்கம் மட்டும் அடர்த்தியாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். மூடியைக் கழற்றி அந்த இடைவெளியைக் காக் என்ற இடுக்கு அடைக்கும் பசையை வைத்து அடைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

மூடியின் தகரத்திலேயே வட்ட வட்டமாகப் புள்ளிகள், தொட்டால் மென்மை, ஏசி போட்டதும் ஊறல் வாடை என்றிருந்தால் பூஞ்சை என்று சந்தேகப்படலாம். இந்தப் பள்ளத்தாக்கின் கோடை உலர்ந்தது, ஈரம் தானாக வராது. ஆகவே காயிலின் அடியிலுள்ள தண்ணீர்த் தட்டு அடைத்திருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் சுத்தம் மட்டும் செய்தால் பூஞ்சை திரும்ப வரும்.

எந்த ஃபில்டர் வாங்குறது? கடையில 4 டாலர்ல இருந்து 40 டாலர் வரைக்கும் இருக்கு.

உறையில் மெர்வ் என்று ஒரு எண் போட்டிருக்கும், எவ்வளவு நுண்ணிய துகளை ஃபில்டர் பிடிக்கும் என்பதற்கான அளவு அது. வீட்டுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். மெர்வ் 8 ஃபில்டர் வயல் புழுதியின் பெரிய துகள்களை ஓரளவு நன்றாகப் பிடிக்கும், ஆனால் நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். மெர்வ் 13 நுண்துகளையும் பிடிக்கும்: 1 முதல் 3 மைக்ரான் வரையிலான துகளில் குறைந்தது 85 சதவீதம், அதைவிட நுண்ணியதில் குறைந்தது பாதி. 2020 முதல் கலிபோர்னியாவில் கட்டப்படும் புது வீடுகளுக்கு மெர்வ் 13 கட்டாயம். மூன்று நான்கு டாலருக்கு வரும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரியும் கண்ணாடி இழை ஃபில்டர் இயந்திரத்தைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல.

போடும்போது அம்புக்குறி இயந்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருக்கக்கூடாது. விரல் நுழையும் சந்து இருந்தாலே காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அறுவடைக் காலத்தில் மாதாமாதம் எடுத்துப் பாருங்கள், பழுப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். தோப்பை ஒட்டிய வீடுகளில் அதற்கு முன்பேகூட நிறைந்துவிடும்.

13 போட்டதும் காத்தே வரலை, ஒரு மாதிரி விசில் சத்தம் வேற. திரும்ப 8-க்கே போயிடலாமா?

ஒரு அங்குலத் தடிமன் உள்ள மெர்வ் 13 சில வீடுகளில் காற்றை அதிகம் தடுக்கும். ரிட்டர்ன் சிறியதாக இருந்தால் விசிலடிப்பது, காற்று குறைவது, சில சமயம் காயிலில் பனிக்கட்டி உறைவது எல்லாம் நடக்கும். அப்படியே ஓட்டினால் இயந்திரத்துக்குக் கேடு. தற்காலிகமாக மெர்வ் 11 போடுங்கள். நிரந்தரத் தீர்வு என்றால் நான்கு அங்குலத் தடிமன் ஃபில்டர் உட்காரும் பெட்டி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள், அல்லது இரண்டாவது ரிட்டர்ன் வைக்கலாமா என்று கேளுங்கள். மடிப்பு ஆழமானால் பரப்பு கூடும், அதே 13 எண்ணிலேயே காற்று தாராளமாகப் போகும். இதற்குச் செலவழிக்கும் பணம் ஒருமுறை டக்ட் சுத்தத்துக்குக் கொடுப்பதைவிட நெடுநாள் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

போன வருஷம் காசு கொடுத்து டக்ட் கிளீன் பண்ணினோம். ரெண்டு மாசத்துல அதே தூசி. ஏமாத்திட்டாங்களா?

ஒழுங்காகச் செய்திருந்தாலும் இப்படி ஆகலாம். மேலே கசிவு என்று சொன்னேனே, அது இதுதான். எனர்ஜி ஸ்டார் என்ற அமெரிக்க அரசின் எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தின் கணக்குப்படி, ஒரு சாதாரண வீட்டில் டக்ட்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலும் கழன்ற இணைப்பிலும் வீணாகிறது. அறைக்குக் காற்றைக் கொண்டுபோகும் பக்கம் ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று அட்டிக்குக்குப் போகும், கரன்ட் பில் ஏறும். ரிட்டர்ன் பக்கம் ஓட்டை இருந்தால் அதைவிட மோசம். புளோயர் அந்த ஓட்டை வழியாக அட்டிக் காற்றை உறிஞ்சும். அட்டிக் காற்றோட்டத்துக்காகத் திறந்து வைக்கப்பட்ட இடம், பல அறுவடைகளின் புழுதி அங்கே படிந்து கிடக்கும், பஞ்சு இழையும் சேர்ந்திருக்கும். ஓட்டை ஃபில்டருக்கும் புளோயருக்கும் நடுவில் இருந்தால் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. அத்தனையும் வடிகட்டாமல் நேராகப் படுக்கையறைக்கு வரும்.

கலிபோர்னியாவின் பழைய வீடுகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஃபர்னஸ் நடைவழி அலமாரியிலோ கராஜிலோ ஒரு மரமேடை மேல் நிற்கும், அந்த மேடையின் உள்கூடுதான் ரிட்டர்ன். கம்பித்தட்டியைக் கழற்றிவிட்டுக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மூலையில் ஜிப்சம் பலகை சேராமல் நிற்பது, தண்ணீர்க் குழாய் போகும் துளை அடைக்கப்படாமல் இருப்பது, அதைச் சுற்றிப் புழுதி விசிறிபோல் படிந்திருப்பது எல்லாம் தெரியும். அந்த விசிறியின் முனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

ஒரு ஆளைக் கூப்பிட்டு டக்ட் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வென்ட்டுகளை எல்லாம் ஒட்டி மூடிவிட்டு விசிறி வைத்து அழுத்தம் கொடுத்து அளப்பார்கள். அடைப்பதற்கு மாஸ்டிக் என்ற பசை சரியான பொருள். துணி டக்ட் டேப் வேண்டாம், டக்ட் இணைப்புகளில் அது தாங்காது என்பதை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1990-களின் கடைசியிலேயே சோதித்துக் காட்டிவிட்டது. கசிவை அடைத்த பிறகு, தேவைப்பட்டால் சுத்தம். இந்த வரிசை மாறினால் பணம் போனதுதான்.

வீடு முழுக்க 99 டாலர்னு விளம்பரம் வருது. கூப்பிடலாமா?

வேண்டாம். அந்த விலைக்கு முறையாகச் செய்ய முடியாது. வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரு ஆள் சின்ன வேக்குவத்தோடு வருவார், ஒரு வென்ட்டைக் கழற்றுவார், போனில் ஒரு படத்தைக் காட்டி "கருப்புப் பூஞ்சை, குழந்தைகள் இருக்கிற வீடு" என்பார், 99 டாலர் 900 டாலராகிவிடும். படம் உங்கள் வீட்டுடையதுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீங்களே எடுத்த வீடியோ கையில் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்து வாசலைக் காட்டலாம்.

சரி, முறையா பண்றவங்க எப்படிப் பண்ணுவாங்க? என்ன செலவாகும்?

பெரிய வேக்குவம் ஒன்றை மெயின் டக்ட்டில் இணைத்து முழு அமைப்பையும் உறிஞ்சும் அழுத்தத்தில் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு வென்ட்டாக அழுத்தக்காற்றோ தூரிகையோ செலுத்தித் தூசியைத் தளர்த்துவார்கள். தளர்ந்த தூசி வீட்டுக்குள் வராமல் வேக்குவத்துக்குப் போகும். டக்ட் மட்டுமல்ல, புளோயர் சக்கரம், காயில், தண்ணீர்த் தட்டு எல்லாம் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். புளோயர் இதழ்களில் படிந்த புழுதிதான் காற்றோட்டத்தைக் குறைக்கிறது, அதை விட்டுவிட்டு டக்ட்டை மட்டும் செய்வது அரைகுறை வேலை. ஃபிளெக்ஸ் டக்ட்டில் முரட்டுத் தூரிகை கூடாது, உள் பிளாஸ்டிக் கிழிந்துவிடும்.

ஈ.பி.ஏ. சொல்லும் விலை, ஒரு இயந்திரத்துக்குச் சுமார் 450 முதல் 1,000 டாலர். நாட்கா என்ற தேசிய டக்ட் சுத்தம் செய்வோர் சங்கத்தின் உறுப்பினர்களா, அவர்களின் தரநெறிப்படி செய்வார்களா என்று கேளுங்கள். பழுதுபார்ப்பு, மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் ஏசி, ஃபர்னஸ் வேலைக்கான சி-20 உரிமம் வேண்டும், மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். முன்பும் பின்பும் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த மாசம் பண்ணினா நல்லது?

அறுவடை முடிந்து, முதல் மழை பெய்து புழுதி அடங்கிய பிறகு. நவம்பர் கடைசி, டிசம்பர் தோதான காலம். ஆகஸ்டில் செய்தால் செப்டம்பரில் மறுபடி படியும்.

கிருமிநாசினி தெளிச்சே ஆகணும்னு சொல்றாங்க.

சுத்தம் செய்த தகரப் பரப்பில் பூஞ்சை இருந்தால் மட்டும், அதுவும் எந்த மருந்து என்று பெயர் எழுதி வாங்கிய பிறகு. உள்சுவரே கண்ணாடி இழையாக இருக்கும் டக்ட்டில் தெளிப்பதற்கென ஈ.பி.ஏ. பதிவு பெற்ற மருந்தே இல்லை. அந்த வகை டக்ட் நனைந்தோ பூஞ்சை பிடித்தோ போனால் வெட்டி எடுத்து மாற்றுவதுதான் வழி. நறுமண மருந்தெல்லாம் தேவையற்ற செலவு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அதுவே தொந்தரவாகும்.

எங்க வீடு 1960-கள்ல கட்டினது. தகர டக்ட்டோட இணைப்புல வெள்ளையா துணி மாதிரி சுத்தியிருக்கு.

அதைத் தொடாதீர்கள், கிழிக்காதீர்கள், யாரையும் தூரிகை போட விடாதீர்கள். அந்தக் காலத்து வெள்ளை நாடாவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கலையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. எந்த வேலைக்கும் முன்னால் சான்று பெற்ற ஆளை வைத்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

நாங்க வாங்கினது புத்தம் புது வீடு. எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

புது வீட்டில் வேறு தூசி. கட்டும்போது வென்ட்டை மூடாமல் விட்டிருந்தால் ஜிப்சம் மாவும் மரத்தூளும் உள்ளே கிடக்கும். பழைய தோப்பை அழித்து மனைபோட்ட இடமென்றால் பக்கத்து மனைகளின் வெறும் மண்ணும் பறந்து வரும். வாங்கும்போதே சோதனையாளரிடம் வென்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடக் குப்பை இருந்தால் கட்டியவர் செலவில் சுத்தம் செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

பையனுக்கு ஆஸ்துமா. டக்ட் கிளீன் பண்ணினா குறையுமா?

குறையும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடங்கள்: கசிவை அடைப்பது, மெர்வ் 13, பையன் தூங்கும் அறையில் அந்த அறையின் அளவுக்கேற்ற, ஹெப்பா என்ற நுண்துகள் ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான். அப்புறம், சுற்றுமுற்றும் அறுவடை நடக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்துங்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள், துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று, சொன்னால் சிலருக்கு வருத்தம்தான். தாளிப்பும் வறுவலும் எழுப்பும் எண்ணெய்ப்புகை, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் நுண்துகள்தான். எண்ணெய்ப்பசை காயிலில் ஒட்டினால் புழுதி அதன்மேல் அப்பிக்கொள்ளும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டிவிட்டு வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். திருப்பி விடும் வகையானால் வெளியே போகும்படி மாற்றுவது நல்ல முதலீடு.

வேலி ஃபீவர் டக்ட் வழியா வருமா? அம்மா அப்பா ஊர்ல இருந்து வர்றாங்க, அப்பாவுக்குச் சர்க்கரை வேற.

வேலி ஃபீவர் மண்ணில் வாழும் காக்சிடியாய்டீஸ் என்ற பூஞ்சையின் வித்துகளைச் சுவாசிப்பதால் வருவது. மண் கிளறப்படும்போது காற்றில் பரவும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பயப்பட வேண்டியது வெளிக்காற்றுக்கு, டக்ட்டுக்கு அல்ல. டக்ட்டைச் சுத்தம் செய்தால் இது வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கும் இது கடுமையாக வரலாம். புழுதிக்காற்று அடிக்கும் நாளில் அப்பாவை நடைப்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். தோட்டம் கொத்துவது, அட்டிக் ஏறுவது எல்லாம் அவருக்கு வேண்டாம். இருமல், காய்ச்சல், அசதி வாரக்கணக்கில் விடாவிட்டால் மருத்துவரிடம் வேலி ஃபீவர் ரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அறிகுறி வந்தால் அங்குள்ள மருத்துவரிடம் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கியிருந்ததைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அங்கே இந்த நோய் முதலில் யாருக்கும் நினைவுக்கு வராது.

தெர்மோஸ்டாட்ல ஏசி ஃபேனை எப்பவும் ஆன்ல வைக்கறதா, ஆட்டோலயா?

கசிவு அடைத்த, மெர்வ் 13 போட்ட வீட்டில் ஆன் நல்லது. 2020 செப்டம்பரில் கிரீக் ஃபயர் என்ற காட்டுத்தீ எரிந்தபோது இருந்தது மாதிரியான புகை நாட்களில் காற்று திரும்பத் திரும்ப வடிகட்டப்படும். ரிட்டர்னில் ஓட்டை உள்ள வீட்டில் ஆன் வைத்தால் நாள் முழுக்க அட்டிக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும், அங்கே ஆட்டோதான். ஸ்வாம்ப் கூலர் வைத்திருப்பவர்கள் புகை நாளிலும் அறுவடை மும்முரத்திலும் அதை ஓட்டவே வேண்டாம், அது வெளிக்காற்றை நேராக உள்ளே இழுக்கும் இயந்திரம்.

டக்ட் கிளீனிங் ஆளு டிரையர் வென்ட்டும் சேர்த்துப் பண்றேங்கறார். தேவையா?

இது தேவை. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெளிக்குழாயில் பஞ்சு அடைத்தால் தீப்பிடிக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கில் வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள், சுத்தம் செய்யாமல் விட்டதுதான் அவற்றில் முதன்மைக் காரணம். துணி உலர வழக்கத்தைவிட நேரமாகிறதா என்று கவனியுங்கள். குழாய் குட்டையாக இருந்தால் நீங்களே நீளத் தூரிகை வாங்கி வருடத்துக்கு ஒருமுறை செய்துவிடலாம்.

டக்ட்டை எலி கடிச்சிருக்கு, வீடும் இருபது வருஷப் பழசு. சுத்தம் பண்றதா, மொத்தமா மாத்தறதா?

எலி கடித்த ஃபிளெக்ஸ் டக்ட்டைச் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை, பஞ்சுக்குள் போன சிறுநீர் வெளியே வராது. முதலில் எலி நுழையும் துளைகளைக் கம்பிவலையால் அடைக்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை மரக்கிளைகள் கூரையைத் தொட்டால் வெட்டிவிடுங்கள். பிறகு பாதிக்கப்பட்ட துண்டை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாமே இற்றுவிட்டதா என்று பார்க்கலாம். வெளியுறை பொடிந்து, பஞ்சு தொங்கி, இணைப்புகள் கழன்றிருந்தால் முழுவதும் மாற்றுவது மேல். கோடையில் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் அட்டிக்கில் கிடப்பதால் பிளாஸ்டிக் உறை சீக்கிரம் உளுத்துப்போகும்.

மாற்றும்போது நகராட்சியிடம் பெர்மிட் எடுக்கும் ஆளையே வையுங்கள். பெர்மிட்டோடு டக்ட்டை மாற்றினால் கலிபோர்னியாவின் எரிசக்தி விதிப்படி கசிவுச் சோதனை செய்து காட்ட வேண்டியிருக்கும், அந்த எண்ணைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெர்மிட் இல்லாமல் மலிவாக முடித்துத் தருகிறேன் என்பவர் அந்தச் சோதனையைத்தான் தவிர்க்கப் பார்க்கிறார். வாடகை வீடென்றால் எலிப்புழுக்கையைப் படமெடுத்து உரிமையாளருக்குத் தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள்.